ஒரே பயணச்சீட்டு: எல்லை கடக்கும் ரயிலும் ஒப்பந்தப் பொறுப்பும்





செஞ்சிக்கு ரயில் இல்லை. ரயிலேற வேண்டுமெனில் கிழக்கே திண்டிவனத்திற்கோ தெற்கே விழுப்புரத்திற்கோ பேருந்தில் சென்றாக வேண்டும். இத்தகைய ஊரில் மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் எம்மிடம், ஐரோப்பாவில் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குச் செல்லும் ரயிலில் எவ்வாறு முன்பதிவு செய்வது, அதில் மார்க்கத்தின் நிலை என்ன என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. காரணம் எளிது. நம் பிள்ளைகளில் பலர் படிப்பிற்கும் வேலைக்கும் ஜெர்மனி சென்றுள்ளனர். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் சம்பந்தம் செய்த குடும்பங்களின் பெண்மக்கள் பிரான்ஸில் வாழ்கின்றனர். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வழியே அந்தப் பிணைப்பு இன்றும் தொடர்கிறது. பெற்றோர் இருவரையும் பார்க்கச் செல்லும்போது நடுவில் ஒரு நாட்டு எல்லையும் ஒரு ரயில் பயணமும் வந்துவிடுகின்றன.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் சென்ற ஆண்டு இவ்விஷயமாக எம்மைத் தேடி வந்தார். மகன் ஜெர்மனியின் நூரன்பெர்க் நகரில் பணிபுரிகிறார். மகள் பாரிஸ் அருகே இருக்கிறார். பெரியவரும் அவர் மனைவியும் மகனிடம் ஒரு மாதமும் மகளிடம் பத்து நாட்களும் தங்கத் திட்டமிட்டிருந்தனர். அம்மையாருக்கு மூட்டுவலி. இருவருக்கும் ஆங்கிலமோ ஜெர்மனோ தெரியாது. அவர்கள் முன்வைத்த கேள்விகள் மூன்று. விசாவிற்காக முகவர் தரும் போலி முன்பதிவை ஏற்கலாமா? பணம் மிச்சமாகிறது என்று பயணத்தை இரண்டு சீட்டுகளாகப் பிரித்து வாங்கலாமா? வழியில் தொழுகையை எப்படி அமைத்துக்கொள்வது? இவை அவர் ஒருவருடைய கேள்விகள் அல்ல என்பதால், நாம் விசாரித்தறிந்ததையும் கூறிய பதிலையும் இங்கே பொதுவில் வைக்கிறோம்.

நம் மண்ணில் இருந்த ஒரே சீட்டு

எல்லை கடக்கும் ரயில் நமக்குப் புதிதன்று. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை திறக்கப்பட்டது. அன்று விழுப்புரத்தில் ஏறிப் புதுச்சேரியில் இறங்கியவர் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்குள் சென்றார். நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான அந்தத் தூரத்தில் சுங்கச் சோதனையும் இருந்தது.

அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு ‘போட் மெயில்’. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பலும் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரில் சீட்டு வாங்கியவர் திண்டிவனம், விழுப்புரம் வழியே தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கப்பலில் கடந்து, தலைமன்னாரில் இலங்கை ரயிலேறிக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கினார். இரண்டு ரயில் நிர்வாகங்கள், ஒரு கப்பல், இரண்டு அரசுகள், இரண்டு வேறு அகலமுள்ள தண்டவாளங்கள். ஆனால் பயணியின் கையில் இருந்ததோ ஒரே சீட்டு.

அன்றும் எல்லை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளர்கள், இலங்கை அரசு மண்டபத்தில் நடத்திய முகாமில் நோய்த் தடுப்பிற்காகத் தனித்து வைக்கப்பட்ட பிறகே கடல் கடக்க முடிந்தது. காசுள்ள வணிகருக்கு அது ஒரு பயணம். ஏழைக்கு அது ஒரு காத்திருப்பு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ஒரு பயணிகள் ரயில் உள்ளிருந்தவர்களோடு கடலுக்கு இரையாயிற்று. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து சென்ற கப்பலும் 1980-களில் இலங்கையின் உள்நாட்டுப் போரால் நின்றது. எழும்பூரிலிருந்து இராமேஸ்வரம் வரை செல்லும் வண்டிக்கு மட்டும் ‘போட் மெயில்’ என்ற பெயர் இன்றும் வழங்கிவருகிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் தொடங்கியது. எனினும் அது தனிச் சீட்டு, தனிப் பயணம்.

முஸ்லிம் உலகிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1900-இல் அறிவித்த ஹிஜாஸ் ரயில் பாதை, டமாஸ்கஸிலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீண்டு 1908-இல் மதீனாவை அடைந்தது. இந்திய முஸ்லிம்களும் அதற்கு நன்கொடை அனுப்பினர். முதல் உலகப் போரில் அது சிதைந்தது. போருக்குப் பின் அதே தண்டவாளம் பல நாடுகளின் எல்லைகளுக்குள் துண்டு துண்டாகப் பிரிந்தது. முழுப் பாதையும் மீண்டும் இணையவே இல்லை. நம் காலத்தில் லாகூருக்குச் செல்லும் சம்ஜவுதா ரயில் 2019-இலும், கொல்கத்தா-டாக்கா மைத்ரி ரயில் 2024-இலும் நின்றன. எல்லைக்கு இருபுறமும் உறவினரைக் கொண்ட குடும்பங்களுக்கு அது எத்தகைய இழப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவற்றை இங்கே நினைவூட்டுவதற்கு ஒரு காரணம் உண்டு. எல்லை கடக்கும் ஒரே சீட்டு என்பது தண்டவாளம் இருப்பதால் மட்டும் கிடைப்பதன்று. இரு தரப்பார் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்து, பயணியின் பொறுப்பைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும்போதே அது கிடைக்கிறது. ஐரோப்பியச் சீட்டை வாங்கும்போதும் நாம் பார்க்க வேண்டியது இதையே.

ஐரோப்பாவில் நிலை என்ன?

நம் நாட்டில் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே ஐ.ஆர்.சி.டி.சி. என்ற ஒரே வாயில் வழியாகப் பதிவு செய்துவிடுகிறோம். ஐரோப்பாவில் அப்படி ஒரு பொது வாயில் இல்லை. ஜெர்மனிக்கு டாய்ச்சே பான், பிரான்ஸிற்கு எஸ்.என்.சி.எஃப்., ஆஸ்திரியாவிற்கு ஓ.பி.பி., இத்தாலிக்கு டிரெனிதாலியா என ஒவ்வொரு நாட்டிற்கும் தனி நிர்வாகம். லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன் நகரங்களை இணைக்கும் யூரோஸ்டார் மற்றொரு நிறுவனம். ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இணையதளம், தனிக் கட்டணம், பதிவு திறக்கும் தனி நாள் என்று வைத்திருக்கிறது. நம் ரயில்வேயில் 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்னரே பதிவு திறக்கிறது. அங்கே பல மாதங்களுக்கு முன்பே திறந்துவிடும். ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் கால அட்டவணை மாறுவதால், அதற்குப் பிந்தைய தேதிகள் சில சமயம் தாமதமாகவே விற்பனைக்கு வரும்.

கட்டணமும் நம் ஊரைப் போல் தூரத்தைக் கொண்டு நிலையாக அமைவதன்று. விமானத்தைப் போல் முந்தி வாங்குபவருக்குக் குறைவு, பிந்தி வாங்குபவருக்கு அதிகம். மலிவான சீட்டு பெரும்பாலும் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும். விலை கூடிய சீட்டில் வண்டியை மாற்றிக்கொள்ளலாம், பயண நாளுக்கு முன் ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறவும் வழியுண்டு. பல நாடுகளைச் சுற்றுவோர்க்கு ‘யூரெயில்’ என்ற அனுமதிச் சீட்டு இருக்கிறது. ஐரோப்பாவிற்கு வெளியே வாழ்பவர்களுக்காக 1959 முதல் விற்கப்படுவது அது. ஆனால் பிரான்ஸின் அதிவேக ரயில்களிலும் யூரோஸ்டாரிலும் அதனோடு இருக்கைக்குத் தனியே பணம் செலுத்திப் பதிவு செய்ய வேண்டும். ஓரிரு பயணங்களே உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் பயன் தராது.

எல்லையைப் பொறுத்தவரை, 29 நாடுகள் ‘ஷெங்கன்’ உடன்படிக்கையில் உள்ளன. ஒரே விசாவில் அவற்றுக்குள் செல்லலாம். குறுகிய காலப் பயணத்திற்கு எந்த 180 நாட்களிலும் 90 நாட்களே உச்சவரம்பு. பிரிட்டன் அதில் இல்லை. பாரிஸ் சென்றவர்கள் லண்டனையும் பார்த்துவிடலாம் என்று ரயில் சீட்டு வாங்கிவிட்டால், பிரிட்டன் விசா இல்லாமல் ரயில் ஏறவே முடியாது. பாரிஸ் நிலையத்திலேயே இரு நாட்டு அதிகாரிகளும் கடவுச்சீட்டைச் சோதித்துவிடுவர். அன்றியும், லண்டன் சென்று திரும்பும்போது மீண்டும் ஷெங்கன் பகுதிக்குள் நுழைவதால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவும் தேவை.

ஷெங்கனுக்குள் எல்லைக் கதவு இல்லை என்பதால் கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிடவும் கூடாது. 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. ரயிலிலேயே காவலர் வந்து கேட்கக்கூடும். நகல் போதாது, மூலக் கடவுச்சீட்டே கையில் இருக்க வேண்டும்.

இணைப்பை யார் சுமப்பது?

இனி அந்தக் குடும்பத்தின் இரண்டாம் கேள்விக்கு வருவோம். நூரன்பெர்க்கிலிருந்து பிராங்க்பர்ட்டிற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கே வண்டி மாறினால் பாரிஸிற்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். மகன் இரண்டையும் தனித்தனியே வாங்கினால் சில யூரோக்கள் மிச்சமாகும் என்று கண்டிருந்தார். இடையே பதினைந்து நிமிட அவகாசம். “போதும் ஹஜ்ரத், இங்க எல்லாரும் இப்படித்தான் போறாங்க” என்று தொலைபேசியில் கூறினார்.

நாம் ஓதிக்கொடுக்கும் ஃபிக்ஹு நூல்களில் ‘இஜாரா’ என்னும் வாடகை ஒப்பந்தப் பாடம் ஒன்று உண்டு. வாகனத்தையும் சுமையாளையும் வாடகைக்கு அமர்த்துவது அதில் விரிவாகப் பேசப்படுகிறது. ஹிதாயா நூலில் ஒரு சட்டம் வருகிறது. இராக்கில் உள்ள ஹீரா என்ற ஊர் வரை செல்ல ஒரு பிராணியை வாடகைக்கு எடுத்தவர், அதைத் தாண்டிக் காதிஸிய்யா வரை ஓட்டிச் சென்று, அங்கே அந்தப் பிராணி இறந்துவிட்டால் இழப்பு அவரையே சாரும். ஏனெனில் ஒப்பந்தம் ஹீராவோடு முடிந்துவிட்டது. மாணவர்கள் இதைப் பழங்காலத்துச் சட்டம் என்று கருதிக் கடந்து செல்வதுண்டு. ஆனால் பயணச்சீட்டின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. ஒப்பந்தம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே பொறுப்பு யாருடையது என்பதைத் தீர்மானிக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. 2021-இல் இயற்றப்பட்டு 2023 ஜூன் 7 முதல் நடப்பில் உள்ள ரயில் பயணிகள் உரிமைச் சட்டத்தின்படி, பயணம் முழுவதும் ஒரே ஒப்பந்தச் சீட்டாக இருந்து, முதல் வண்டி தாமதமாகி அடுத்த வண்டி தவறிவிட்டால், பயணியை வேறு வண்டியில் சேருமிடம் கொண்டு சேர்ப்பதோ பணத்தைத் திருப்புவதோ நிர்வாகத்தின் கடமை. சேருமிடத்தை 60 நிமிடம் தாமதமாக அடைந்தால் கட்டணத்தில் 25 விழுக்காடும், 120 நிமிடம் தாண்டினால் 50 விழுக்காடும் இழப்பீடு. கடும் இயற்கைச் சீற்றம் போன்றவற்றிற்கு மட்டும் இழப்பீட்டில் விலக்கு உண்டு. அதே பயணம் இரண்டு தனிச் சீட்டுகளாக இருந்தால், முதல் வண்டியின் தாமதம் இரண்டாம் வண்டிக்காரரைக் கட்டுப்படுத்தாது. குறிப்பிட்ட வண்டிக்கே உரிய மலிவுச் சீட்டு வீணாகும். அந்த நேரத்தில் புதுச் சீட்டின் விலை பன்மடங்காக இருக்கும்.

அந்த அபாயம் எவ்வளவு? 2024-இல் ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் 62.5 விழுக்காடு மட்டுமே நேரத்திற்கு வந்தன என்று அந்நிர்வாகமே அறிவித்தது. ஆறு நிமிடத்திற்குள் வந்தவையும் அக்கணக்கில் நேரத்திற்கு வந்தவையே. அப்படியிருக்க, மொழி தெரியாத இரு முதியவர்களைப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு தனி ஒப்பந்தங்களுக்கு நடுவே நிறுத்துவது சிக்கனமாகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது நாம் அறிந்ததே. சீட்டை ஒன்றாக வாங்குவது ஒட்டகத்தைக் கட்டுவது. அதற்குப் பிறகே தவக்குல்.

“சில யூரோ மிச்சம் உங்களுக்கு. வண்டி தவறினால் பிளாட்பாரத்தில் நிற்கப்போவது உங்கள் அம்மா” என்று மட்டும் அந்த மகனிடம் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நூரன்பெர்க்கிலிருந்து பாரிஸ் வரை ஒரே பதிவாக, பிராங்க்பர்ட்டில் ஒரு மணி நேரத்திற்கு மேல் இடைவெளி விட்டு வாங்கினார். மலிவான வண்டியைவிடச் சற்று அதிக விலைதான். ஆனால் இணைப்பின் சுமை பெற்றோர் தோளிலிருந்து நிர்வாகத்தின் தோளுக்கு மாறியது.

வாசகர்கள் கவனிக்க வேண்டியது இது. ஒரே இணையதளத்தில், ஒரே முறை பணம் செலுத்தி வாங்குவதால் மட்டும் அது ஒரே ஒப்பந்தம் ஆகிவிடாது. இடைத்தரகு இணையதளங்கள் இரண்டு தனிச் சீட்டுகளைச் சேர்த்தும் விற்கும். அவ்வாறு தனி ஒப்பந்தங்கள் எனில், விற்பவர் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. ஆகவே பணம் செலுத்தும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். நம் நாட்டில்கூட 2019 ஏப்ரல் முதல் இரண்டு தொடர் பயணங்களின் பி.என்.ஆர். எண்களை இணைத்துக்கொள்ளும் வசதி உண்டு. இணைத்திருந்தால், முதல் வண்டி தாமதத்தால் இரண்டாவது தவறும்போது பயணிக்காத பகுதியின் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். நம்மில் பலர் அதைப் பயன்படுத்துவதில்லை.

போலி முன்பதிவு

முதல் கேள்விதான் மிகக் கனமானது. விசா விண்ணப்பத்தோடு பயணத் திட்டத்தைக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு முகவர் சில நூறு ரூபாய்க்கு ‘டம்மி டிக்கெட்’ தருவதாகக் கூறியிருந்தார். விமானச் சீட்டு, ரயில் சீட்டு, தங்கும் விடுதி என எல்லாம் காகிதத்தில் இருக்கும். உண்மையில் எந்தப் பதிவும் இருக்காது. “எல்லாரும் செய்றதுதானே ஹஜ்ரத், யாருக்கும் நஷ்டமில்லையே” என்று பெரியவர் கேட்டார். அவர் ஐவேளையும் முதல் வரிசையில் நிற்பவர். ஒரு பொய்யைத் துணிந்து சொல்லும் மனிதரல்லர். அதனாலேயே அந்தக் கேள்வி எமக்குக் கவலையளித்தது. காகிதத்தில் இருக்கும் பொய், வாயால் சொல்லும் பொய்யைவிடச் சிறியது என்ற எண்ணம் நல்லவர்களிடமும் புகுந்திருக்கிறது.

நாம் அவருக்கு இரண்டையும் பிரித்துச் சொன்னோம். ரத்து செய்யக்கூடிய உண்மையான முன்பதிவு பொய்யன்று. பயணம் செய்யும் எண்ணம் உண்மை, பதிவும் உண்மை, விசா மறுக்கப்பட்டால் ரத்து செய்யும் நிபந்தனையை விற்பவரே அனுமதித்திருக்கிறார். அது ஆகுமானது. இல்லாத பதிவை இருப்பதாகக் காட்டும் காகிதமோ பொய்ச் சாட்சியம். பணம் இழப்பவர் எவருமில்லை என்பதால் அது ஹலாலாகிவிடாது. அதை நம்பி ஓர் அதிகாரி முடிவெடுக்கிறார். ஓர் அரசின் வாசலில் நாம் கொடுக்கும் வாக்கு அமானத் ஆகும். உலக வழக்கிலும் அது ஆபத்தானதே. போலி ஆவணம் கண்டறியப்பட்டால் விசா மறுக்கப்படும். ஷெங்கன் விசாத் தகவல் தொகுப்பில் விவரங்கள் 5 ஆண்டுகள் இருக்கும். ஒரு முஸ்லிம் பெயரோடு அந்தப் பதிவு கிடப்பது, பின்னால் வரும் நம் பிள்ளைகளுக்கும் நன்மையாகாது.

உண்மையில் அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. விசா கிடைக்கும் முன் பணம் திரும்பாத சீட்டை வாங்க வேண்டாம் என்றே பல தூதரகங்கள் அறிவுறுத்துகின்றன. பயணத்திற்கு 6 மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம். அதிக நாட்கள் தங்கும் நாட்டின் தூதரகத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். இவர்களுக்கு அது ஜெர்மனி. மகன் தன் ஊர் அலுவலகத்தில் பெற்றோரின் செலவுக்குப் பொறுப்பேற்று அளித்த உறுதிமொழிப் பத்திரம், ரத்து செய்யத்தக்க விமானப் பதிவு, 30,000 யூரோவிற்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, இன்ன தேதியில் ரயிலில் பாரிஸ் சென்று மகளிடம் தங்குவோம் என்று உள்ளபடி எழுதிய பயணத் திட்டம் ஆகியவற்றை வைத்து விண்ணப்பித்தனர். விசா கிடைத்த பின்னரே ரயில் சீட்டை வாங்கினர். இடையில் சில வாரங்கள் சென்றதால் விலை ஏறியிருந்தது. பெரியவர் அதைப் பொருட்படுத்தவில்லை. “அதிகமா கொடுத்த காசு போகட்டும் ஹஜ்ரத், மனசு லேசா இருக்கு” என்றார்.

இதே கண்ணோடு மற்றச் சிறு விஷயங்களையும் பாருங்கள். சலுகைக் கட்டணத்திற்காகப் பிள்ளையின் வயதைக் குறைத்துக் கூறுவது, சலுகை அட்டை இல்லாமல் அதற்குரிய சீட்டை வாங்குவது, சோதகர் வரமாட்டார் என்று சீட்டின்றி ஏறுவது ஆகிய எதுவும் நாடு வேறு என்பதால் மாறிவிடாது. பல ஐரோப்பிய நிலையங்களில் நுழைவாயில் கதவே இல்லை. பயணியை நம்பித்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் எப்படிப் பதில் சொல்கிறோம் என்பதை அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பெயர், துணை, தொழுகை

சீட்டில் பெயர் எழுதுவதில் நம் குடும்பங்களுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கும். ‘முஹம்மது’ என்ற பெயரோ பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டலிலும் ஆதாரில் வேறொன்றிலும் இருக்கும். இணையதளம் முதற்பெயர், இறுதிப்பெயர் என இரண்டையும் கேட்கும். கடவுச்சீட்டிலும் விசாவிலும் எழுத்துக்கு எழுத்து எப்படி உள்ளதோ அப்படியே நிரப்ப வேண்டும். ‘ஹாஜி’ முதலிய சிறப்புப் பெயர்களைச் சேர்க்க வேண்டாம். இணையவழிச் சீட்டில் பெயரை அடையாள ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பர். இங்கிருந்தே பதிவு செய்வோர், வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை முன்னதாகத் திறந்துவைக்க வேண்டும். கடன் அட்டை எனில் தவணை நாளுக்கு முன் முழுத் தொகையையும் செலுத்தி வட்டியைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும்.

நடக்க இயலாதவர்கள் 24 மணி நேரத்திற்கு முன் தெரிவித்தால், நிலையத்தில் ஏறவும் இறங்கவும் மாறவும் உதவி பெற அதே சட்டம் உரிமை தருகிறது. இதற்குக் கட்டணமில்லை. அம்மையாருக்கு மகன் அதைப் பதிவு செய்தார்.

தொழுகை நேரத்தையும் வண்டியைத் தேர்வு செய்யும்போதே பார்த்துவிட வேண்டும். கோடையில் அங்கே ளுஹர் மதியம் ஒன்றரை மணிக்குப் பிறகே தொடங்குகிறது. ஹனஃபி மத்ஹபின்படி அஸர் மாலை ஏழு மணியை ஒட்டியே வரும். ஆகவே காலையில் புறப்பட்டு மாலை நான்கு, ஐந்து மணிக்குப் பாரிஸ் சேர்பவர் மகள் வீட்டிலேயே ளுஹரை அதன் நேரத்திற்குள் தொழலாம். குளிர்காலத்தில் நிலை வேறு. டிசம்பரில் நண்பகல் பன்னிரண்டரைக்குத் தொடங்கும் ளுஹரிலிருந்து நான்கரைக்குள் மஃரிப் வந்துவிடும். அப்போது மாறும் நிலையத்தில் விடும் நீண்ட இடைவெளியே தொழுகைக்கும் இடமளிக்கும். ஷாஃபிஈ மத்ஹபினர் பயணத்தில் இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழ இடமுண்டு. ஹனஃபிகள் சுருக்கித் தொழுவரே அன்றிச் சேர்த்துத் தொழுவதில்லை. ஓரிடத்தில் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ தங்கும் எண்ணமிருந்தால் ஹனஃபிகள் முழுமையாகத் தொழ வேண்டும். ஆகவே மகன் வீட்டு ஒரு மாதத்தில் முழுத் தொழுகை, மகள் வீட்டுப் பத்து நாட்களில் கஸ்ர். இங்கே மேற்கு நோக்கித் தொழும் நாம், அங்கே தென்கிழக்கு நோக்க வேண்டும் என்பதையும் முதியவர்களுக்கு முன்பே சொல்லிவைப்பது நல்லது. உணவு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போகட்டும். ரயிலின் உணவுப் பெட்டியில் ஹலாலைத் தேடி அலைய வேண்டாம்.

அவர்கள் சென்று நலமாகத் திரும்பிவிட்டனர், அல்ஹம்துலில்லாஹ். அம்மையாருக்கு இருந்த ஒரே ஏமாற்றம், எல்லை எங்கே என்று தெரியாமலே பிரான்ஸ் வந்துவிட்டதுதான். “ஒரு கேட்டுகூட இல்லையே” என்று வியந்தாராம். நாயக்கர், பீஜப்பூர், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மாறி மாறிக் கைப்பற்றிய கோட்டையின் மதில்களையும் வாயில்களையும் நாள்தோறும் பார்த்து வாழ்பவருக்கு அது வியப்பாக இருந்ததில் வியப்பில்லை.

சகோதர, சகோதரிகளே! பிள்ளைகள் தூர தேசங்களில் வாழும் காலம் இது. பெற்றோரைக் காண அழைப்பதும், உறவைச் சேர்த்து வாழ்வதும் நற்செயல்கள். அந்த நற்செயலுக்குச் செல்லும் வழியில் ஒரு பொய்க் காகிதம் கிடக்க வேண்டாம். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளே, உங்களுக்குப் பழகிய பதினைந்து நிமிட மாற்றம் உங்கள் தாய்க்குப் பழகியதன்று. சீட்டு வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன், இணைப்பு தவறினால் சுமப்பது யார் என்று பாருங்கள். ஒப்பந்தங்களை நிறைவேற்றக் கட்டளையிடப்பட்ட சமுதாயம் நாம். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பதும் அக்கட்டளையின் ஒரு பகுதியே.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கி, பிரிந்திருக்கும் குடும்பங்களை நலமுடன் ஒன்றுசேர்த்து, சொல்லிலும் எழுத்திலும் உண்மையாளர்களாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.